கொடைக்கானலில் தேவாலய நடை

கேள்வி: சென்னை கோட்டையிலுள்ள 1680-ஆம் ஆண்டு தேவாலயம் போன்றவற்றை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். எங்கள் பக்கம் அப்படி நடக்க முடியுமா?
– ஒரு வாசகி, பாலசமுத்திரம்

பதில்: தாராளமாக. பழனியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானலுக்கு ஏறுங்கள். 1845-இல் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய ஊர் அது. கோயில்கள் பின்னாலேயே வந்தன.

கோக்கர்ஸ் வாக்கில் தொடங்குங்கள். அதை ஒட்டியே இருக்கிறது தூய பேதுரு ஆலயம், 1884-இல் கட்டியது. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல் அழகு. ஆனால் வெயில் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். பனிமூட்டமாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பூட்டியிருந்தால் கோயில்பிள்ளையிடம் பணிவாகக் கேளுங்கள். அவரைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கடினம்.

அடுத்தது சலேத் மாதா கோயில். 1846-இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், லா சலெத் என்ற இடத்தில், மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை. இருபதே வருடத்தில், 1866-இல், அந்தப் பெயருக்கு நம் மலையில் கோயில் எழும்பிவிட்டது. மலையில் தோன்றிய மாதாவுக்கு மலைமேல் கோயில். பழனிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன!

ஆகஸ்ட் 14, 15 திருவிழா. தேர் பார்க்க அன்று போங்கள், கட்டடம் பார்க்க வேறு நாள். வழிபாட்டு நேரத்தில் கேமரா பைக்குள் இருக்கட்டும். ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.