கேமரா எத்தனை என்று கேட்டால் சொல்லுங்கள்

கார்த்திகை தீபம் முடிந்ததும் திருவண்ணாமலையில் உங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒரு மனு வரலாம்: கிரிவலப் பாதையில் எத்தனை கண்காணிப்புக் கேமராக்கள்? செலவு எவ்வளவு? ஒப்பந்ததாரர் யார்? எந்த சர்வரில் பதிவாகிறது? புதிதாகப் பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பேற்றவருக்கு, "பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். அப்படி எழுதாதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, தரக்கூடியதைப் பிரித்துத் தர வழி செய்கிறது. எண்ணிக்கை, செலவு, ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் மக்கள் பணத்தின் கணக்கு, கொடுத்துவிடுங்கள். சர்வர் முகவரி, நெட்வொர்க் வரைபடம், இன்னும் அடைக்காத ஓட்டைகள் ஆகியவற்றுக்கு 8-வது பிரிவைப் பாருங்கள். மறுத்தால் எந்த உட்பிரிவு, என்ன காரணம், யாரிடம் மேல்முறையீடு என்று எழுதியாக வேண்டும். கெடு 30 நாள். காரணமின்றி இழுத்தடித்தால் தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை உங்களுக்கே அபராதம் விதிக்கலாம்.

குழப்பம் வந்தால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்தத் தகவல் ஒருவன் உள்ளே நுழைய உதவுமா, அல்லது நமக்குச் சங்கடம் மட்டும்தானா? சங்கடத்துக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை.

கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபர் 29-ல் சைபர் தாக்குதல் செய்தியை அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாளே அந்த நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் தெரிவித்திருந்தது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை. இதில் எந்த வரி எதிரிக்கு உதவும்? எதுவுமில்லை. பக்கத்து ஊரான இடிந்தகரை மக்கள் ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டுக் காத்திருந்த உலை அது. அவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கணினிக்குள் யாராவது புகுந்தால், செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவியுங்கள். 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. அதைக் காட்டி மனுவைத் தள்ளாதீர்கள். விலக்கு அவர்களுக்கு, உங்கள் அலுவலகத்துக்கு அல்ல.

அப்படி ஒரு சம்பவம் பற்றிக் கூடிப் பேசினால், கூட்டக் குறிப்பை முதலிலேயே இரண்டு தாளாக எழுதுங்கள். நடந்தது, பாதிப்பு, எடுத்த நடவடிக்கை ஒன்றில். தொழில்நுட்ப விவரம் தனி இணைப்பில். அந்த இணைப்பைப் போட்டோ எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.