காலையில் பார்த்த சீனி போதாதா?

கேள்வி: எனக்கு 58 வயது. பல வருடமாக நீரிழிவு. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க விரும்பிப் பல் வைத்தியரிடம் போனேன். எச்பிஏ1சி 8.9 என்று கண்டதும், “இதைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். அன்று விடியற்காலை வீட்டில் குத்திப் பார்த்தபோது சீனி 118தான். சத்திரசிகிச்சை நாளில் சீனி சரியாக இருந்தால் போதாதா? சலரோகக்காரரின் எலும்பில் இரும்பு ஒட்டவே ஒட்டாது என்று அக்கா சொல்கிறா. அது உண்மையா? — வாசகி, சுன்னாகம்

பதில்: நல்ல கேள்வி, அம்மா. பலர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமலே போகும் கேள்வியும்கூட. முதலில் அக்காவின் பேச்சைப் பார்ப்போம்.

இம்ப்ளான்ட் இரும்பு அல்ல; தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டேனியம் ஆணி. நாட்டின் வடகிழக்கிலுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும் இந்த உலோகத்தின் தாதுக்கள்தான். காற்றுப் பட்டவுடன் டைட்டேனியத்தின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகிவிடும். அதனால் அது உடலுக்குள் துருப்பிடிக்காது. எலும்புக் கலங்களும் அதன்மேல் தயங்காமல் குடியேறும். 1950களில் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரனேமார்க், குருதி ஓட்டத்தை ஆராய முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் அது வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. இடையில் வேறு இழையம் எதுவுமின்றி எலும்பும் உலோகமும் நேரடியாக இணையும் இதற்கு எலும்பிணைவு என்று பெயர். 1965இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் இதைப் பயன்படுத்தினார்.

நீரிழிவு உள்ளவரிலும் இந்த இணைவு நடக்கிறதா? நடக்கிறது. அமெரிக்காவில் தாமஸ் ஓட்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தவர்களின் கீழ்த்தாடை இம்ப்ளான்ட்டுகளும் ஒரு வருட முடிவில் மற்றவர்களுடையதைப் போலவே நிலைத்திருந்தன. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் அவற்றின் உறுதி அதிகமாகக் குறைந்தது. பழைய நிலைக்குத் திரும்பவும் கூடுதல் காலம் எடுத்தது. ஆகவே ஒட்டாது என்பது தவறு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் மெதுவாக ஒட்டும் என்பதே சரி.

அந்தத் தாமதம் எங்கே வருகிறது? வேலிக்குக் கதியால் நடுவதை நினைத்துப் பாருங்கள். நட்ட அன்று அது நிற்பது, சுற்றிலும் மண்ணை இறுக்கி மிதித்த பலத்தில். பிறகு வேர்விட்டுத் தன் பலத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மண் இளகி, வேரும் பிடிக்காத ஒரு காலம் உண்டு. அப்போது ஆட்டினால் கதியால் பட்டுப்போகும். இம்ப்ளான்ட்டுக்கும் அப்படியொரு காலம் இருக்கிறது. திருகும்போது நெரிபட்ட பழைய எலும்பை உடல் அரித்து அகற்றும். புது எலும்பு பிறகே படியும். பொதுவாக இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை பிடி மிகவும் தளர்ந்திருக்கும். சீனி கூடியவர்களில் இந்தத் தளர்ந்த காலம் நீள்கிறது.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எலும்பின் உட்சட்டம் கொலாஜன் என்ற புரதம். குருதியில் சீனி நெடுநாள் கூடியிருந்தால் அது கொலாஜனில் ஒட்டி, இழைகளைத் தாறுமாறாகப் பிணைத்து விறைக்கச் செய்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் ஸ்கானில் எலும்பின் அடர்த்தி நன்றாகத் தெரிந்தும் எலும்பு முறியும் ஆபத்துக் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்தது, எலும்பைக் கட்டும் கலங்களின் வேலை மந்தமாகிறது. மூன்றாவது, புது எலும்புக்கு ஒட்சிசன் கொண்டுவரும் நுண்குழாய்கள் போதியளவு முளைப்பதில்லை. நான்காவது, கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் சோர்ந்துபோகின்றன. இதனால் முரசில் அழற்சி இலகுவில் தொற்றி நீடிக்கிறது.

இந்த நான்கில் எதுவும் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரே நாளில் போகப்போவதுமில்லை. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான். காலையில் பார்த்த 118 அந்த நேரத்தின் கணக்கு. எச்பிஏ1சி என்பது செங்குருதிக் கலங்களில் சீனி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அளவு. அந்தக் கலங்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும். 8.9 என்றால் உங்கள் சராசரிச் சீனி ஏறக்குறைய 209. விடியவில் 118 ஆக இருந்தாலும், புட்டும் சோறும் சாப்பிட்ட பிறகு அது எங்கேயோ ஏறி நிற்கிறது. எலும்பு பிடிக்கவும் மாதக்கணக்காகும் என்பதால், வைத்தியர் மாதக்கணக்கைப் பார்க்கிறார்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு இன்சுலின் கொடுத்த ஆய்வுகளில், இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு உருவாவது பெருமளவு மீண்டது. சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் எலும்பும் இணங்கி வரும் என்பதற்கு அது சான்று.

இந்த மூன்று மாதத்தில் என்ன செய்யலாம்? கிளினிக் கொப்பியோடு உங்கள் நீரிழிவு வைத்தியரிடம் போய், இம்ப்ளான்ட் வைக்கப்போவதைச் சொல்லி இலக்கைக் கேளுங்கள். பலருக்கு 7ஐ அண்டிய அளவு பொருந்தும். வயதுக்கும் மற்ற வருத்தங்களுக்கும் ஏற்ப இலக்கு மாறும். அவசரப்பட்டு மருந்தைக் கூட்டிச் சீனியை அளவுக்குமேல் இறக்கிவிடாதீர்கள். பனங்கட்டி சீனியைக் கூட்டாது என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக உண்டு; அதிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான். தேநீரோடு கடிக்கும் துண்டையும் கணக்கில் சேருங்கள்.

மற்றப் பற்களின் முரசில் நோய் இருந்தால் முதலில் அதைத் துப்புரவாக்க வேண்டும். அங்குள்ள கிருமிகள் இம்ப்ளான்ட்டுக்கும் பரவும். முரசு வைத்தியத்தால் எச்பிஏ1சியே சுமார் 0.4 அளவு குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். நிக்கொட்டின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். விற்றமின் டி குறைவா என்று பார்ப்பதும் நல்லது. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை எடுப்பவராயின் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போக அது காரணமாகலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பல் வைத்தியரின் பங்கும் உண்டு. மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டை எலும்பு விரைவாகப் பற்றும். அதைக் கேட்டுப் பெறலாம். உடனே பல் பொருத்துமாறு வற்புறுத்தாதீர்கள். கீழ்த்தாடைக்கு வழக்கமான இரண்டு மூன்று மாதத்துக்கு மேலும் சில வாரம் பொறுப்பது உங்களுக்கு நல்லது. அந்தப் பக்கத்தால் கடினமானதைக் கடிக்க வேண்டாம். வைத்தியர் தரும் குளோர்ஹெக்சிடினால், அதாவது கிருமிகொல்லித் திரவத்தால், அவர் சொன்ன நாள்வரை வாய் கொப்பளியுங்கள். விறைப்பு ஊசி மட்டும் போடுவதானால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. வழமையான மருந்தையும் காலை உணவையும் எடுத்துக்கொண்டு போங்கள். கந்தசட்டி போன்ற விரத நாட்களை அண்டி நேரம் குறிக்காதீர்கள். புண் ஆறும் முதல் வாரத்தில் உணவும் மருந்தும் தடைப்படக் கூடாது.

பல் பொருத்திய பிறகும் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டாம். பல வருடம் கழித்தும் சீனி ஏறினால், இம்ப்ளான்ட்டைச் சுற்றிய முரசும் எலும்பும் அழற்சியால் அரிபடும் ஆபத்துக் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் காட்டித் துப்புரவாக்குங்கள். உங்கள் வைத்தியர் அனுப்பிவைத்தது மறுப்பதற்காக அல்ல, அம்மா. வைத்தால் நிலைக்க வேண்டும் என்பதற்காக. மூன்று மாதம் கழித்துப் புதிய எச்பிஏ1சி அறிக்கையோடு அவரிடமே திரும்பப் போங்கள்.