கை வைத்தால் ஒளிரும் மேசை: எந்த சென்சார் வாங்கலாம்?



எல்இடி விளக்குப் பயிற்சி முடித்த உறுப்பினர்களோடு சேர்ந்து, பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மேசை செய்தோம். மேலே அக்ரிலிக் பலகை, கீழே 16 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் கை வைக்கிறோமோ அந்தக் கட்டம் மட்டும் எரியணும். கை வந்ததைக் கண்டுபிடிக்கும் பொருள்தான் சென்சார். அதில் முதலில் நாங்கள் ஏமாந்தோம். நீங்களும் ஏமாறக்கூடாது என்றே இந்தப் பாடம்.

1. எல்டிஆர்: வெளிச்சம் பட்டால் இதன் மின்தடை குறையும், நிழல் விழுந்தால் கூடும். விலை குறைவுதானே என்று மொத்தமாக 16 வாங்கினோம். பகலில் நன்றாக வேலை செய்தது. சாயங்காலக் கூட்டத்தில் காட்டினால் ஒன்றும் நடக்கலை! வெளிச்சமே இல்லாதபோது கையின் நிழல் எங்கே விழும்? குழுப் பணம்தான் வீணாச்சு.

2. அகச்சிவப்பு ஜோடி: டிவி ரிமோட்டில் இருப்பது போன்ற விளக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும். கையில் பட்டுத் திரும்பும் ஒளியை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். இருட்டிலும் வேலை செய்யும். ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. அதனால் ஜன்னலோரம் வைத்தால் தானாகவே எரியும். இரண்டுக்கும் நடுவே கறுப்பு அட்டைத் தடுப்பும் வேண்டும்.

3. தொடு சென்சார்: கடையில் டிடிபி223 என்று கேட்டால் தருவாங்க. 2 முதல் 5.5 வோல்ட்டில் இயங்கும். மெல்லிய பிளாஸ்டிக், கண்ணாடி வழியாகவும் விரலை அறியும். பலகை கனமாக இருந்தால் அறியாது. மேலே தண்ணீர் சிந்தினால் குழம்பும்.

எங்கள் பலகை கனமானது, மேசை இருப்பதோ வெயில் படாத அறை. அதனால் அகச்சிவப்பு ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். உங்களுக்கு வேறு சரியாக வரலாம். விலையை மட்டும் பார்க்காமல், மேசை எங்கே இருக்கும், பலகை எவ்வளவு கனம், யார் தொடுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று: பிள்ளைகள் தொடும் பொருள் இது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்காமல், தரமான 5 வோல்ட் அடாப்டர் மூலமே கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்: ஒவ்வொரு வகையிலும் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதே பலகைக்கு அடியில், அதே இடத்தில், நண்பகலிலும் இரவிலும் சோதியுங்கள். பிறகு தீர்மானம் எழுதி மொத்தமாக வாங்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச: சோதிக்காமல் மொத்தமாக வாங்கி நாம் நஷ்டப்பட்ட பொருள் எது? அடுத்த முறை என்ன செய்வோம்?