பதிவு எண் எங்கே?

எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தில் பெண்பிள்ளைகள் பலருக்கும் நர்சாக வேண்டும் என்றுதான் ஆசை. என் பெரியப்பா மகளும் பத்தாவது முடித்ததும் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். ஆறு மாதப் படிப்பு. வலை வாங்க வைத்திருந்த பணம் கட்டணமாகப் போயிற்று. சான்றிதழும் வந்தது. வேலை கேட்ட இடத்திலோ, "பதிவு எண் எங்கே?" என்றார்கள். அக்கா விழித்தாள்.

செவிலியரைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று தேறியவர் பெயரே செவிலியர் குழுமத்தின் பதிவேட்டில் ஏறும். ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பில் சேரப் பிளஸ் டூ தேறி, 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். படிப்பு இரண்டு ஆண்டுகள். பிரசவம் பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும் அதில் அடக்கம். ஏரித் தீவுகளில் நள்ளிரவில் வலி கண்ட தாயைப் படகில் ஏற்றும்போது, உடன் உட்காருபவளுக்கு இவை தெரிந்திருக்க வேண்டாமா?

குறுகிய காலப் படிப்பும் வீணல்ல. நோயாளியைக் குளிப்பாட்டவும், படுக்கையில் புரட்டிவிடவும், காய்ச்சல் பார்க்கவும் அக்கா நன்றாகவே கற்றாள். உதவியாளர் வேலைக்கு அது போதும். செவிலியர் ஆக மட்டும் போதாது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

இப்போது அக்கா தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுகிறாள். இம்முறை பணம் கட்டுவதற்கு முன், அங்கீகாரப் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தானே பார்க்கப்போவதாகச் சொல்கிறாள்.