சுவரில்லாத நீர்: குளத்து நீச்சலிலிருந்து திறந்த நீர்ப் பந்தயத்துக்கு

நீச்சல் குளத்தில் பல ஆண்டுகள் பயின்ற ஒருவர் கடலிலோ ஆற்றிலோ ஏரியிலோ நடைபெறும் நெடுந்தூரப் பந்தயத்துக்கு மாறும்போது அவருடைய வேகம் அவரோடு வருகிறது; அந்த வேகத்தைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் எவையும் உடன் வருவதில்லை. குளத்தில் அவருக்கென்று 2.5 மீட்டர் அகலத்தில் தனித்தடம் உண்டு. அடித்தரையில் கறுப்புக் கோடு உண்டு. போட்டி நீரின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியசுக்குள் பேணப்படுகிறது. 50 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வருகிறது. இவற்றுள் சுவரின் பங்குதான் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுகிறது. 1500 மீட்டர் போட்டியில் ஒருவர் 29 முறை திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் கால்களால் சுவரை உதைத்து, கை வீச்சால் பெறுவதைவிடக் கூடுதலான வேகத்தைப் பெறுகிறார், அந்தச் சில நொடிகளில் தோள்களுக்கு ஓய்வும் கிடைக்கிறது. 10 கிலோமீட்டர் திறந்த நீர்ப் பந்தயத்தில் அந்த உதையும் இல்லை, அந்த ஓய்வும் இல்லை என்பதால், குளத்து நேரத்தை அப்படியே பெருக்கிக் கடலில் தாம் எடுக்கப்போகும் நேரத்தைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர்.

திறந்த நீர் நீச்சல் என்று பொதுவாக வழங்கப்படுவதில் தன்மையால் வேறுபட்ட இரண்டு முயற்சிகள் அடங்கியுள்ளன. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக் நீரிணையைக் கடந்ததும், மிகிர் சென் 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்தியதும் முதல் வகையைச் சேர்ந்தவை. அங்கே தனியொருவர் தூரத்தோடும் கடலோடும் மட்டுமே பொருதுகிறார். இரண்டாம் வகை, பலர் ஒன்றாகப் புறப்பட்டு, மிதவைகளால் குறிக்கப்பட்ட சுற்றுப்பாதையில் ஒருவரையொருவர் முந்த முயலும் பந்தயமாகும். இதன் 10 கிலோமீட்டர் வடிவம் ‘மாரத்தான் நீச்சல்’ என்ற பெயரில் 2008ஆம் ஆண்டின் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. குளத்திலிருந்து இதற்கு வர முடியுமா என்னும் கேள்விக்கு ஒலிம்பிக் வரலாறு இருவிதமாக விடை தருகிறது. துனீசியாவின் உசாமா மெல்லூலி 2012இல் லண்டனில் 1500 மீட்டரில் வெண்கலமும், சில நாட்களுக்குப் பின் ஹைட் பார்க் ஏரியில் 10 கிலோமீட்டரில் தங்கமும் வென்றார்; டோக்கியோவில் ஜெர்மனியின் ஃபுளோரியான் வெல்புரோக் அதே இரு பதக்கங்களைப் பெற்று, 10 கிலோமீட்டரில் இரண்டாமவரை 25 நொடிகளுக்கு மேல் பின்தள்ளினார். ஆனால் 2024இல் பாரிசில் 800 மீட்டரில் தங்கமும் 1500 மீட்டரில் வெண்கலமும் வென்ற அயர்லாந்தின் டேனியல் விஃபன், சேன் ஆற்றில் 18ஆம் இடத்தையே பெற்றார். இதை அவருடைய ஆற்றல் குறைவாகக் கொள்ளலாகாது. வெல்புரோக் டோக்கியோவுக்கு முன்பே இருவகை நீச்சலிலும் உலகச் சாம்பியனாக இருந்தவர். குளத்தில் பெறும் வேகம் பந்தயத்துக்குள் நுழையும் தகுதியை மட்டுமே தருகிறது, எஞ்சியதைத் தனியே கற்க வேண்டியுள்ளது என்பதையே இந்த முடிவுகள் காட்டுகின்றன.

கற்க வேண்டியவற்றுள் முதலிடம் திசை காணலுக்கு உரியது. திசை காணல் என்பது நீந்திக்கொண்டே தலையை உயர்த்தி, அடுத்த மிதவை இருக்கும் இடத்தை அறிந்து, பாதையைத் திருத்திக்கொள்வதாகும். குளத்து நீச்சலர் இதைச் செய்யும்போது வழக்கமாகத் தலை முழுவதையும் நீருக்கு மேலே தூக்கி, முன்னோக்கியே மூச்சையும் இழுக்கிறார். தலை எழுந்தால் இடுப்பும் கால்களும் தாழும், தாழ்ந்த கால்களை இழுத்துச் செல்ல உடல் பெரும் விலை கொடுக்கும். சரியான முறையில் நீச்சல் கண்ணாடி மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வருமளவு நெற்றி உயர்கிறது. முன்னே நீண்ட கை நீரை மெல்லக் கீழே அழுத்தும் அந்தக் கணத்தில் கண்கள் பார்த்துவிட, மூச்சு அதன்பின் வழக்கம்போல் பக்கவாட்டில் திரும்பும்போதே எடுக்கப்படுகிறது. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் கண்டுவிட முயல்வது வீண். முதல் பார்வையில் மிதவை தென்படாவிட்டால் நின்று தேடாமல், இரண்டு மூன்று கைவீச்சுக்குப் பின் மறுபடி பார்ப்பது நலம். அலையுள்ள நீரில் அலை உடலை உயர்த்தும்போது பார்ப்பதே பயன் தரும். மிதவை நீர்மட்டத்தில் கிடப்பதால் அது அடிக்கடி மறையும். எனவே பந்தயத்துக்கு முன்பே கரையில் நின்று, அதன் நேர்ப்பின்னால் தெரியும் கலங்கரை விளக்கத்தையோ உயர்ந்த கட்டடத்தையோ குறித்துக்கொள்ளும் பழக்கம் இன்றியமையாதது.

கறுப்புக் கோடு இல்லாதபோது எவரும் நேராக நீந்துவதில்லை. ஒரு கை மற்றதைவிட வலுவாக இருப்பதாலும், ஒரே பக்கம் மூச்சு வாங்கும் பழக்கத்தாலும் உடல் ஒரு பக்கமாக விலகுகிறது. எந்தப் பக்கம் என்பதைக் குளத்திலேயே அறியலாம்: தடம் காலியாக இருக்கும்போது, பயிற்சியாளர் பார்த்திருக்க, கண்களை மூடிக்கொண்டு எட்டுப் பத்துக் கைவீச்சு நீந்தித் திறந்தால் எந்தக் கயிறு அருகில் உள்ளதோ அதுவே விடை. இந்த விலகலின் விலையை எளிய கணக்கில் காணலாம். 10 கிலோமீட்டரை ஒரு மணி 50 நிமிடத்தில் முடிக்கும் ஒருவருக்கு 100 மீட்டருக்கு 66 நொடி ஆகிறது. அவர் ஒவ்வொரு 100 மீட்டரிலும் ஐந்து மீட்டர் கூடுதலாக நீந்தினால் முடிவில் 500 மீட்டர், அதாவது ஐந்தரை நிமிடம் வீணாகும். பதக்கங்கள் நொடிகளில் முடிவாகும் போட்டியில் ஐந்தரை நிமிடத்தை எந்தக் கூடுதல் பயிற்சித் தூரமும் மீட்டுத் தராது. ஆகையால் வாரத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் சேர்ப்பதற்குமுன் திசை காணலை ஒவ்வொரு பயிற்சியிலும் சேர்ப்பதே அறிவுடைமை.

அடுத்தது கூட்டம். குளத்தில் அண்டை வீரர் கயிற்றுக்கு அப்பால் இருக்கிறார். திறந்த நீரில் அவருடைய முழங்கை விலாவில் படும், அவருடைய கை காலில் தட்டும். முன்செல்பவர் கிழித்துச் சென்ற நீரில் பின்தொடர்பவருக்குத் தடை குறைவு என்பதால், அவர் பாதத்துக்கு மிக அருகில் நீந்துவதை டிராஃப்டிங் என்பர். இது விதிகளால் அனுமதிக்கப்பட்டது, அனைவரும் செய்வது, கூச்சப்பட வேண்டியதன்று. முன்னவரின் உதையிலிருந்து எழும் நுரைக் குமிழிகள் முகத்தில் படும் தொலைவே தக்க இடம். குமிழிகள் மறைந்து நீர் தெளிந்தால் இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள், அந்த இடைவெளியை நான்கைந்து வலுவான வீச்சில் உடனே மூடாவிட்டால் பின்னர் மூடுவது மிகக் கடினம். அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் அமைந்த இடமும் நல்லது. அங்கிருந்து முந்திச் செல்வது எளிது. எனினும் முன்செல்பவர் திசை தவறினால் பின்தொடர்பவரும் தவறுவார் என்பதால், தம் கண்ணால் பார்ப்பதை எவரும் விட்டுவிடலாகாது. மிதவையை நெருங்கும்போது கூட்டம் இறுகும். புதியவர் உள்வளைவுக்குப் போராடாமல் சில மீட்டர் வெளியே சுற்றுவது சிக்கனமானது. வேண்டுமென்றே பிறரை இழுப்பவருக்கும் தடுப்பவருக்கும் நடுவர் மஞ்சள் கொடி காட்டுவார். இரண்டாம் முறை தவறினால் போட்டியிலிருந்து நீக்குவார்.

இவை அனைத்தும் ஒன்றுசேரும் இடம் முடிவுப் புள்ளி. அங்கே சுவருக்குப் பதிலாக நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பலகை தொங்கும். அதைக் கையால் தட்டினால்தான் போட்டி முடிந்ததாகக் கொள்ளப்படும். 2016இல் ரியோவின் கோபகபானா கடலில் கிரேக்கத்தின் ஸ்பிரோஸ் யானியோட்டிஸ் முடிவுக்கோட்டை முதலில் அடைந்தபோதும், நெதர்லாந்தின் ஃபெர்ரி வேர்ட்மன் பலகையை முன்னதாகத் தட்டியதால் தங்கம் அவருக்குச் சென்றது. இருவரின் நேரமும் ஒன்றாகவே பதிவாயிற்று. தொங்கும் பலகையைத் தட்டும் பயிற்சியை அற்பமென்று ஒதுக்குவோர் இந்த முடிவை நினைவில் வைக்க வேண்டும்.

நீரோட்டத்தை, மீனவர் நீவாடு என்று சொல்வதை, பாதையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். சேன் ஆற்றில் ஓட்டம் வலுவாக இருந்ததால், எதிர்நீச்சல் பகுதியில் வீரர்கள் கரைக்கல் சுவரை ஒட்டியே நகர்ந்தனர். கரையருகே நீரின் விசை நடுவாற்றைவிடக் குறைவு, திரும்பும் வழியில் நடுவாறே உதவும். கடலில் ஓட்டம் பக்கவாட்டில் தள்ளினால் மிதவைக்கு நேராக நீந்துவது பிழை. தள்ளும் திசைக்கு எதிராகச் சற்று விலக்கிக் குறிவைக்க வேண்டும். கை வீச்சிலும் மாற்றம் தேவை: அமைதியான குளத்தில் அழகாக நீளும் சறுக்கலை அலை உடைத்துவிடுவதால், வீச்சைச் சற்றுக் குறுக்கி விரைவுபடுத்துவதும், கையை உயர்த்தி வீசுவதும், இருபுறமும் மூச்சு வாங்கப் பழகுவதும் உதவும். உப்புநீரில் அக்குளும் கழுத்தும் உராய்ந்து புண்ணாகும். வாசலின் தடவினால் போதும். உணவுக்கென மிதமேடையில் நிற்கும் பயிற்சியாளர் நீண்ட கோலின் நுனியில் கோப்பையை நீட்டுவார். அதை எடுத்து, ஓரிரு நொடி மல்லாந்து குடித்து, மறுபடி கவிழ்வதையும் முன்பே பழக வேண்டும்.

எஞ்சியிருப்பது வெப்பநிலை, அதுவே உயிரோடு தொடர்புடையது. குளிர்ந்த நீரில் திடீரென இறங்கும்போது மூச்சுத் திணறி விரைவது இயல்பு. ஓரிரு நிமிடம் மிதந்து மூச்சு சீரான பின்னரே நீந்தத் தொடங்க வேண்டும். வெம்மையான நீரின் ஆபத்து இதைவிட மறைவானது, ஏனெனில் உழைக்கும் உடல் தன் வெப்பத்தை இழக்க இயலாமல் போவதை நீச்சலர் உடனே உணர்வதில்லை. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயத்தில், வெம்மையான கடலில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் 26 வயதில் உயிரிழந்தார். அதன் பின்னரே நீரின் வெப்பநிலைக்கு 31 டிகிரி செல்சியஸ் என்னும் மேல் எல்லை விதிக்கப்பட்டது. கீழ் எல்லை 16 டிகிரி. பந்தய நாளில், தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக, பாதையின் நடுவில் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பநிலை அளக்கப்படுகிறது. கோடையில் வங்கக் கடலின் மேல்நீர் 30 டிகிரியை நெருங்கும் என்பதால், தமிழகக் கரையில் பயில்வோருக்கு அஞ்ச வேண்டியது குளிர் அன்று, வெப்பமே. விடியலில் நீந்துக, தலைவலியோ குளிர்நடுக்கமோ மனக்குழப்பமோ தோன்றினால் கையை உயர்த்திப் படகை அழைத்து வெளியேறுக, துணைப் படகும் உடன் நீந்துவோரும் இல்லாமல் கடலில் ஒருபோதும் இறங்காதீர்.