பேகன் வளைவில் பாட்டிக்கு ஒரு சால்வை

கேள்வி: மார்கழியில் ஒரு நாள் மலைக்குப் போய், இரவே வீடு திரும்ப வேண்டும். கூட மாமியாரும் இரண்டு குழந்தைகளும். எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஊட்டி, கொடைக்கானலை மறந்துவிடுங்கள், பயணத்திலேயே பொழுது போய்விடும். உங்களுக்கு ஏலகிரிதான் சரி. சென்னையிலிருந்து சுமார் 230 கி.மீ., உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர்.

பெயரைப் பார்த்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அது சென்ட்ரலிலிருந்து மாலையில்தான் புறப்படும். காலையில் கிளம்பும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை போய் இறங்குங்கள். மாலையில் அதே வண்டி பெங்களூரிலிருந்து திரும்பி வரும். இரண்டுக்கும் முன்பதிவு அவசியம். பொங்கல் விடுமுறையென்றால் வெகு முன்னதாகவே.

ஜோலார்பேட்டையிலிருந்து வாடகைக் கார். மலையேற 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதைதான் எனக்கு ஊரைவிடப் பிடிக்கும். வளைவுகளுக்குக் கபிலர், ஔவையார், பாரி, பேகன் என்று புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். பலகைகளைக் குழந்தைகள் உரக்கப் படிக்கட்டும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையையே கொடுத்தவன் பேகன் என்பதை அங்கேயே சொல்லுங்கள். மாமியார் தோளில் சால்வையைப் போர்த்திவிடவும் அதுவே நல்ல இடம். வாந்தி வருகிற பிள்ளைக்குக் காலையில் இரண்டு இட்லி போதும், கையில் இஞ்சி மரப்பா இருக்கட்டும்.

மேலே புங்கனூர் ஏரியில் படகு, பக்கத்துப் பூங்காவில் வெயில் காய்தல். சுவாமிமலை உச்சிக்கு நடப்பது மாமியாருக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். மூன்று மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பித்தால் ரயிலைப் பதறாமல் பிடிக்கலாம். டிசம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் தேதியைத் தையில் ஒரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.