இரண்டு கிழமைக்குள் டொக்டரிடம் காட்டு

அலுவிகாரை,
மாத்தளை.

அன்பு மகள் சுகந்திக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். "சின்னவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், யார் கூப்பிட்டாலும் போகிறாள், டொக்டரிடம் ஆறுதலாகக் காட்டலாம்" என்று நீ போனில் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மிட்வைஃபாக இருந்தவள் சொல்கிறேன், கேள். இங்கே சிறுவர் இல்லத்திலிருந்து தத்தெடுத்து வெளிநாட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளையை, போய்ச் சேர்ந்து இரண்டு கிழமைக்குள் காட்டிவிட வேண்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால் அன்றைக்கே காட்டு. விசாவுக்குக் கொடுத்த மருத்துவ அறிக்கையை நம்பி இருந்துவிடாதே. அது பயணத்துக்கு எழுதியது. பிள்ளை வளர்க்க அது போதாது.

இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், தைராய்டு, ஈயம் எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டு மனம் கலங்காதே, பெற்றவளைப் பற்றித் தவறாகவும் நினைக்காதே. அவளுடைய கர்ப்பகாலத்தில் என்ன பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் பார்க்கிறார்கள். மலத்தை மூன்று வேறு நாட்களில் எடுத்துக் கொடு, ஒரு நாளில் மட்டும் எடுத்தால் பூச்சி அகப்படாமல் போகலாம். இடது புஜத்தில் பிசிஜி தடுப்பூசித் தழும்பு இருக்கிறது என்பதற்காகக் காசநோய்ச் சோதனையை விட்டுவிடக் கூடாது. அந்தச் சோதனை சரியாக இருந்தாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி சோதனையையும் ஆறு மாதத்தில் மறுபடி செய்யக் கேள். புறப்படும் நேரத்தில் தொற்றியது முதல் சோதனையில் தெரியாது.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனையை நீயாகவே கேட்டுச் செய்வி. நம் நாட்டில் குருநாகல் பக்கம் அது அதிகம், அதற்கென்று தனி நிலையமே அங்கே இருக்கிறது. அந்த மரபணுவைச் சுமக்கிற பிள்ளைக்கு நோய் கிடையாது. ஆனால் அது தெரியாவிட்டால், இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து மாதக்கணக்கில் இரும்புச்சத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. அவளுடைய இடுப்புக்குக் கீழே நீலமாக ஒரு மறு இருக்கிறதல்லவா? நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அது பிறவியிலேயே உண்டு, வளர வளர மங்கிவிடும். தெரியாதவர்கள் அடிபட்ட கன்றல் என்று நினைப்பார்கள். முதல் நாளே டொக்டருக்குக் காட்டிப் பதிவில் எழுதச் சொல்.

நிறை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் மாதாமாதம் குறித்து வை. இல்லத்தில் கழித்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு மாத வளர்ச்சி பின்தங்குவது வழக்கம், நல்ல வீட்டில் அது வேகமாக ஈடுகட்டப்படும். மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர், ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அங்குள்ள இல்லங்களிலிருந்து, இங்கிலாந்துக்குத் தத்தாக வந்த 165 பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார். ஆறு மாத வயதுக்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாகிவிட்டார்கள். அதற்கு மேல் இருந்துவிட்டு வந்தவர்களில் பலருக்கு உதவி நெடுநாள் தேவைப்பட்டது. அந்த இல்லங்கள் மிக மோசமானவை, நம் பிள்ளை அப்படி இருந்தவளில்லை. என்றாலும் அவள் இரண்டு வயதில் வந்திருக்கிறாள், அதை மறக்காதே.

அதனால்தான் "யார் கூப்பிட்டாலும் போகிறாள்" என்பது எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. இந்த வயதில் பிள்ளை அந்நியரைக் கண்டால் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். கொஞ்ச மாதத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் மட்டும் ஊட்டுங்கள், தூக்குங்கள், தூங்கவையுங்கள். சொந்தக்காரர் குறைப்பட்டால் என் பெயரைச் சொல்.

பேச்சு வராததற்கு "மொழி புதிது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்காதே. இல்லத்தில் அவள் கேட்டது சிங்களம், உன் வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம். தடுமாறத்தான் செய்வாள். ஆனால் முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துவிடு, கண்ணையும் பல்லையும் கூடவே பார். சுட்டிக்காட்டுகிறாளா, சொன்னது விளங்குகிறதா என்பதைக் கவனி. பின்னாளில் எட்டு வயதுக்கு முன்பே பெரியபிள்ளையாகும் அறிகுறி கண்டால் தாமதிக்காமல் காட்டு. வெளிநாட்டுக்குத் தத்துப் போன பெண்பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இனிக் காகிதங்களைப் பற்றி. எண்பதுகளில் இங்கிருந்து ஆயிரக்கணக்கில் நெதர்லாந்துக்கும் சுவிஸுக்கும் பிள்ளைகள் தத்துப் போனார்கள். எத்தனையோ பேருடைய காகிதங்கள் பொய்யாக இருந்தன. சிலருக்கு நீதிமன்றத்தில் தாய் என்று நின்றவள் தாயாகவே இருக்கவில்லை. 2017-இல் அது டச்சுத் தொலைக்காட்சியில் வெளியானது, 2020-இல் சுவிஸ் அரசே முறைகேடுகளை ஒப்புக்கொண்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதளவாகிறது. குடும்பத்தில் நீரிழிவு உண்டா, இதயநோய் உண்டா என்று டொக்டர் கேட்டால் பலரிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதை நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் காலத்தில் புத்தரின் போதனைகளை மனனம் செய்த பிக்குகள் பஞ்சத்தில் மடிந்தால் எல்லாம் அழியும் என்று பயந்துதான், இந்த ஊர்க் குகையில் அவற்றைத் திரிபிடகமாக ஓலையில் எழுதினார்களாம். அதுபோல நீயும் உன் பிள்ளையைப் பற்றி இல்லத்து மேட்ரன் சொன்ன சின்ன விடயத்தையும் இப்போதே எழுதிவை: பிறந்த நிறை, மாதம் நிறைந்து பிறந்தாளா, முதல் பால் யாருடையது, என்ன ஒவ்வாமை.

கிளினிக் கொப்பியில் சிங்களக் கையெழுத்தில் இருக்கும் பக்கங்களை ஒன்றுவிடாமல் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. தடுப்பூசித் திகதிகளோடு எல்லாவற்றையும் தமிழில் எழுதி, டொக்டரைக் காணும் நாளுக்கு முன்னமே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா